அங்கே ஆமிஷ் ஸ்ட்ராபெர்ரி, இங்கே மாவ்ஷியின் வெந்தயக்கீரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நான் திட்டப்போகிற ஆட்களில் முதல் ஆள் நானேதான். அதனால் "நீ ரொம்ப யோக்கியமா?" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

2024 ஜூன் மாதம், ஆபீஸ் வேலை முடிந்த கையோடு நியூஜெர்சியில் மச்சினன் வீட்டில் ஒரு வாரம் டேரா. தங்கமணியும் பெண்ணும் பூனாவிலிருந்து முன்னாடியே வந்திருந்தார்கள். சனிக்கிழமை காலை, "அத்தான், நயாகரா எல்லாம் எல்லோரும் பார்க்கிறதுதான். நான் வேற ஒரு இடம் காட்டுகிறேன்" என்று மச்சினன் காரை எடுத்தான். இரண்டரை மணி நேரத்தில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டி. மின்சாரக் கம்பி போகாத வீடுகள், கொடியில் காயும் கறுப்பு, நீல உடுப்புகள், சாலையோரமாக டக் டக் என்று போகும் சாம்பல் நிறக் குதிரை வண்டிகள். ஆமிஷ் மக்கள் ஊர்.

ஸ்ட்ராஸ்பர்க், பேர்ட்-இன்-ஹேண்ட் என்று ஊர் ஊராகச் சுற்றினோம். சுற்றியது எல்லாம் தின்னத்தான். பண்ணை வாசலில் ஒரு மேஜை, மேலே ஸ்ட்ராபெர்ரி டப்பாக்கள், பக்கத்தில் காசு போட ஒரு பெட்டி. விற்க ஆளே இல்லை! டப்பா 6 டாலர், நம்ம காசுக்கு ரூ.500. பேசாமல் போட்டோம். அடுத்த வீட்டில் ஆப்பிள் பட்டர் (பெயரில்தான் வெண்ணெய், உள்ளே இருப்பது சுண்டக் காய்ச்சிய ஆப்பிள்). அப்புறம் சௌ-சௌ. நம்ம சௌசௌ காய் இல்லை, பல காய்கறிகளை வினிகர், சர்க்கரையில் போட்ட ஊறுகாய். ஷூஃப்ளை பை என்று வெல்லப்பாகு மாதிரி மொலாசஸ் ஊற்றிச் சுட்டது. (சைவர்கள் கவனத்துக்கு: பை மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.) டிக்கி நிறைந்தது. ஒரு இடத்தில்கூட "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று எங்கள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் மச்சினன் மானம் போயிருக்கும்.

பூனா திரும்பியதும் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் ஆர்கானிக், வெள்ளந்தி ஜனங்க, அந்தக் காலத்து வாழ்க்கை" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்தேன். அளந்தது அத்தனையும் தப்பு என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆமிஷ் பண்ணை என்றாலே ஆர்கானிக் இல்லை. பூச்சிமருந்தும் ரசாயன உரமும் போடுபவர்கள் அங்கேயும் உண்டு. நிலத்தின் விலை ஏறி, லங்காஸ்டரில் பெரும்பாலான ஆமிஷ் குடும்பங்களுக்கு இன்று விவசாயமே தொழில் இல்லை. தச்சுவேலை, கட்டட வேலை, சிறு பட்டறை. வெள்ளந்தியும் இல்லை. 8-ஆம் வகுப்போடு பள்ளியை நிறுத்தும் உரிமைக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-இல் ஜெயித்தவர்கள். அந்த நிறுத்தம் எனக்குச் சம்மதமில்லை, என் பெண்ணுக்கு அப்படி ஒரு வாழ்க்கையை நான் கேட்க மாட்டேன். அது வேறு விஷயம்.

பழைய காலமும் இல்லை. வீட்டுக்கு மின்கம்பி இழுக்க மாட்டார்கள். ஆனால் பாலைக் குளிர்விக்க டீசல் எஞ்சின் ஓடும். போன் உண்டு, வீட்டுக்குள் இருக்காது. வெளியே தனிக் கொட்டகையில் இருக்கும். கார் சொந்தமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். வாடகைக்கு ஏறிப் போவார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஊர் கூடிக் கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது: இது உள்ளே வந்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் நமக்கும் உள்ள உறவு என்ன ஆகும்?

அந்தக் கேள்வியை நாம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? இனிமேல்தான் என் குற்றக் கதை.

எங்கள் சொசைட்டி வாசலில் ஒன்பது வருடமாக ஒரு மாவ்ஷி காய்கறி விற்றுவந்தார். சாஸ்வட் பக்கம். வெந்தயக்கீரை, கொத்தமல்லி சொந்த நிலத்தில் விளைந்தது, மற்றது மார்க்கெட் யார்டில் வாங்கியது. சீசனில் அந்தப் பக்கத்து அத்திப்பழமும் சீதாப்பழமும் வரும். வெந்தயக்கீரை கட்டு 20 ரூபாய் என்பார், நான் 15-க்கு முடிப்பேன். முடித்துவிட்டு ஓசியில் இரண்டு கொத்து மல்லியும் எடுத்துக்கொள்வேன். லங்காஸ்டரில் வாயை மூடிக்கொண்டிருந்த அதே ஆள்தான்.

ஆகஸ்டில் சொசைட்டி பொதுக்குழுக் கூட்டம். தீர்மானம்: வாசல் கடைகளை அகற்றச் சொல்லி நிர்வாகம் நடவடிக்கை எடுப்பது. "பார்வைக்கு நன்றாக இல்லை, ஆப்பில் பத்து நிமிடத்தில் வீட்டுக்கே வருகிறதே" என்றார்கள். ஆதரித்துத் தூக்கிய கைகளில் என் கையும் ஒன்று. போனில் ஸ்ட்ராபெர்ரி மேஜை போட்டோ இருந்தது. ஜூனில் கைதட்டினது எதற்கோ, அதையே ஆகஸ்டில் விரட்டினேன்.

மாவ்ஷி அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் தங்கமணி கேட்டாள், "முருங்கைக்கீரை எங்கேங்க வாங்குறது?" அப்போதுதான் உறைத்தது. மதராசிக் குடும்பங்கள் முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் தேடும் என்று தெரிந்துவைத்து, வாரம் ஒருமுறை எங்கள் 14 தமிழ்க் குடும்பங்களுக்காகவே பறித்து வந்த ஒரே ஜீவன் அவர். நான் வைத்திருக்கும் எந்த ஆப்புக்கும் அது தெரியாது.

"நடைபாதையை அடைக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள்" என்பது நியாயமான புகார்தான். அதற்கு மருந்து இடமும் நேரமும் ஒரு குப்பைத்தொட்டியும், விரட்டுவது இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக்கூடாது என்கிறது. எங்கள் கூட்டத்தில் வக்கீல்கள் இருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அமெரிக்கா மாதிரி இங்கே வருமா?" என்பவர்களுக்கு: வந்தே ஆகிவிட்டது சாமி. பஞ்சாபில் அப்னி மண்டி 1987-இல் வந்தது. 1999-இல் ஆந்திராவில் ரைது பஜார், அதே வருடம் மதுரையில் தொடங்கி நம்ம உழவர் சந்தை. விளைவித்தவர் நேராகத் தின்கிறவருக்கு விற்பதை நாம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. வெளியூரில் பிழைக்க வந்த நாம், ஊருக்குப் போகும்போது உழவர் சந்தையைப் புகழ்ந்துவிட்டு, பிழைக்கிற ஊரில் அதை விரட்டுகிறோம்.

நாமும் இங்கே பிழைக்க வந்தவர்கள்தானே? நம்மை வாசலோடு நிறுத்தினால் எப்படிக் கொதிப்போம்!

அடுத்த பொதுக்குழுவுக்கு நானே ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாசலுக்கு உள்ளே பார்க்கிங் ஓரம் நான்கு கடைக்கு இடம், காலை 7 முதல் 9 வரை, குப்பை அள்ளுவது சொசைட்டி பொறுப்பு. இதுவரை கையெழுத்து 31. நம் 14 தமிழ்க் குடும்பங்களில் ஆறுதான். மீதி எட்டுப் பேரில் மூவர் அமெரிக்கா போய் லங்காஸ்டர் பார்த்தவர்கள், போட்டோகூடக் காட்டினார்கள்.

உங்கள் ஊரில், உங்கள் சொசைட்டி வாசலில் இன்னும் ஒரு மாவ்ஷி உட்கார்ந்திருந்தால், நாளைக் காலை அவர் சொல்லும் விலையைக் கொடுங்கள். அகற்றும் தீர்மானம் வந்தால் கையைக் கீழேயே வைத்திருங்கள். நான் தூக்கிய கை இன்னும் உறுத்துகிறது.