ஆலிவ் மரத்துக்கு 23 டிகிரி, நம் தம்பிக்கு லாரியின் பின்பக்கம்

"இயற்கை" என்ற சொல் காதில் விழுந்தாலே நாம் கொஞ்சம் உஷாராக வேண்டும். நம் தலையில் ஏற்றப்பட்ட சுமைகளில் பாதி அந்தச் சொல்லைக் காட்டித்தான் ஏற்றப்பட்டன. பிறவிக் குணம், பரம்பரைத் தொழில், அவர்கள் உடம்புக்கு ஏற்ற வேலை என்று வெவ்வேறு பெயரில் வரும். இது மனிதர்கள் செய்த ஏற்பாடு என்று சாதி ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மழை மாதிரி, வெயில் மாதிரி தானாக வந்தது என்றுதான் சொல்லும். 1936-இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்தப் பொய்யைத்தான் உடைத்தார். இயல்பான திறமையைப் பார்த்து வேலை பிரிக்கப்படவில்லை, பிறப்பைப் பார்த்து உழைப்பவர்களே பிரிக்கப்பட்டார்கள் என்று காட்டினார்.

சிங்கப்பூரின் 'கார்டன்ஸ் பை தி பே' தோட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் வந்தது இந்த யோசனைதான். சுற்றுலா போய் வரும் நம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். ராட்சத மரங்கள், கண்ணாடி மண்டபம், உள்ளே அருவி. சென்ற ஆண்டு நானும் போனேன். அழகு இல்லை என்று சொல்ல மாட்டேன். வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். அந்த அழகு எதை மறைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் விவரம். மொத்தம் 101 ஹெக்டேர். கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அதன் தென்பகுதி 2012 ஜூனில் திறக்கப்பட்டது. நூறு கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் செலவு. அங்கே நிற்கும் 18 'சூப்பர் ட்ரீ'களும் 25 முதல் 50 மீட்டர் உயரம். பெயரில்தான் மரம். உண்மையில் கான்கிரீட், இரும்பு, அதன் மேல் செடி வளர்க்கும் பலகைகள். சில மரங்கள் கண்ணாடி மண்டபங்களின் குளிரூட்டும் அமைப்புக்குப் புகைபோக்கியாக வேலை செய்கின்றன. 'ஃப்ளவர் டோம்' என்ற மண்டபம் 38 மீட்டர் உயரம், உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. உலகின் மிகப் பெரிய கண்ணாடிப் பசுமைக்குடில் என்று 2015-இல் கின்னஸ் சான்றிதழ் வாங்கியது. பக்கத்து மண்டபத்தில் 35 மீட்டருக்கு ஒரு செயற்கை மலை, அதிலிருந்து விழும் அருவி.

இங்கே தானாக வந்தது எதுவும் இல்லை. நிலமே மனிதக் கைகள் கொட்டியது. மரம் வெல்டிங் செய்தது. மலை வார்த்தது. அருவி மோட்டார் ஏற்றி இறக்குவது. குளிர்கூட உற்பத்தி செய்வதுதான். தீவு முழுக்கப் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் வெட்டிய கிளைகளைக் கொண்டுவந்து எரித்து, அந்தச் சக்தியில் குளிரூட்டுகிறார்கள். கிளை வெட்ட ஒருவர் மரத்தில் ஏற வேண்டும். இவ்வளவு உழைப்பு குவிந்த ஓர் இடத்துக்கு 'இயற்கையிலிருந்து உருவான கட்டடக்கலை' என்று பெயர் வைத்ததும் என்ன ஆகிறது? உழைப்பு பார்வையிலிருந்து போய்விடுகிறது. கட்டடத்தைப் பார்த்தால் யார் கட்டியது என்று கேட்போம். மரத்தைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா?

வடிவமைத்தவர்கள் பெயர் இருக்கிறது. வில்கின்சன் அயர், கிராண்ட் அசோசியேட்ஸ் என்ற பிரிட்டன் நிறுவனங்கள். 2012-இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்று அந்தக் கண்ணாடி மண்டபங்களுக்கு விருது கொடுத்தார்கள். செடிகளுக்கும் பெயர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பலகை, லத்தீன் பெயர், எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற தகவல். அதே ஊரின் பழைய தாவரவியல் தோட்டத்தில், பெரிய தலைவர்கள் வந்தால் ஆர்க்கிட் பூவுக்கு அவர்கள் பெயரைச் சூட்டும் வழக்கம் உண்டு. நெல்சன் மண்டேலா பெயரில்கூட ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டுமான வேலை பெரும்பாலும் தமிழ்நாடு, வங்கதேசம், சீனா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் கையில்தான் நடக்கிறது. அவர்கள் பெயர் போட்ட பலகை எங்கேயாவது இருக்குமா என்று சுற்றிச் சுற்றித் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

இப்போது வெப்பநிலைக்கு வருவோம். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி, அதோடு புழுக்கம். ஆனால் ஃப்ளவர் டோமுக்குள் 23 முதல் 25 டிகிரிதான். மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த ஆலிவ் மரம் வாடக் கூடாது, அதனால். அதாவது ஒரு நகரம் நினைத்தால், எங்கிருந்தோ வந்த ஓர் உயிருக்காகத் தன் தட்பவெப்பத்தையே மாற்றித் தர முடியும். பணம் இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது.

எங்கிருந்தோ வந்த மனிதருக்கு என்ன ஏற்பாடு? லாரியின் பின்பக்கம். சரக்கு ஏற்றும் வண்டியில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்ல அந்த நாட்டுச் சட்டம் நிபந்தனைகளோடு இன்றும் அனுமதிக்கிறது. 2021 ஏப்ரலில் அப்படிப் போன ஒரு லாரி விபத்தில் சிக்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023-இல் பல அமைப்புகள் சேர்ந்து இதை நிறுத்துங்கள் என்று கேட்டபோதும் அரசு தடைசெய்ய மறுத்துவிட்டது. கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பர் வரை விடுதிகளில் இருந்த தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோனது என்று அரசே கணக்குக் கொடுத்தது. ஓர் அறையில் பத்துப் பேருக்கு மேல் அடைத்தால் வேறென்ன நடக்கும்? ஊர் முழுக்க சகஜ வாழ்க்கைக்குத் திரும்பிய பிறகும், 2022 வரை இவர்கள் வெளியே போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் சித்தப்பா மகன் அங்கே ஒரு கட்டுமான கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட் பக்கம் பார்த்தேன். "வெயில் எப்படிடா சமாளிக்கிற?" என்று கேட்டேன். "சூப்பர்வைசர் சொல்வாருக்கா, உங்களுக்கென்ன, வெயில்ல பொறந்து வளர்ந்தவங்கன்னு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

தோழர்களே, இந்த வசனம் உங்களுக்குப் புதுசா? நம் அம்மாக்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன வயலில், வரப்பில் குடை பிடித்து நின்றவர் சொன்னதும் இதுதானே. "அவங்களுக்கு வெயில் பழக்கம்." சாக்கடை அடைத்தால் நம் ஆட்களைக் கூப்பிடுபவரும் "அவங்களுக்கு நாத்தம் பழக்கம்" என்றுதான் சொல்கிறார். ஒருவரை வெயிலில் நிறுத்து, நாள் முழுக்க நிறுத்து, தலைமுறையாக நிறுத்து, பிறகு வெயில் அவர் இயல்பு என்று சொல். சாதி வேலை செய்யும் விதம் இது. மொழி தெரியாத, மதம் வேறான முதலாளிக்கும் இது சுலபமாகக் கைவருகிறது. ஆலிவ் மரத்தைப் பார்த்து "நாளாக ஆக இந்த வெயில் பழகிவிடும்" என்று யாரும் விடவில்லை. மனிதரிடம் மட்டும்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. சமூகவியல், வரலாறு படிக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். 1859-இல் தொடங்கிய சிங்கப்பூர் தாவரவியல் தோட்டம் இன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைகளின் கன்றுகள் 1877-இல் அங்கே வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை அந்தத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி பரப்பினார். மலாயா முழுக்க ரப்பர் பரவியது. காட்டை அழிக்க, பால் வெட்ட ஆள் வேண்டுமே? கங்காணிகள் நம் மாவட்டங்களுக்கு வந்தார்கள். அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களில் கணிசமானவர்கள் நிலமில்லாத தலித் மக்கள். பண்ணையாரின் கடனிலிருந்து தப்பிக் கங்காணியின் கடனில் விழுந்தவர்கள். மரத்தைச் சாகடிக்காமல் பாலெடுக்க ஆராய்ச்சி நடந்தது. மனிதரைச் சாகடிக்காமல் வேலை வாங்க அந்த அளவுக்கு யாரும் மெனக்கெடவில்லை. இன்று கங்காணிக்குப் பதில் ஏஜெண்ட், கப்பலுக்குப் பதில் விமானம். வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் மட்டும் பழைய மாதிரியே கூட வருகிறது.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும்.

ஒன்று: "எல்லாவற்றிலும் குறை சொல்வீர்களா? நம் மக்கள் பூ பார்க்கக் கூடாதா?" பார்க்க வேண்டும். தாராளமாகப் பார்க்க வேண்டும். 1927-இல் மகத் குளத்துக்கு அண்ணல் மக்களைத் திரட்டிப் போனது எல்லோருக்கும் பொதுவானது நமக்கும் பொதுவானது என்று நிறுவத்தான். அழகும் அப்படித்தான். மண்வெட்டி பிடித்த கைக்குப் பூ எதற்கு என்று கேட்பவன் எவனோ அவன்தான் நம் எதிரி. அந்தக் கை பூவைக் கட்டி நிறுத்தியது என்பதையும் பலகையில் எழுது என்றுதான் கேட்கிறேன்.

இரண்டு: "சிங்கப்பூரில் சட்டமாவது இருக்கிறது, இங்கே அதுவும் இல்லையே." சரிதான். 2023 அக்டோபரில் அங்கே வெப்பத்துக்கு விதி கொண்டுவந்தார்கள். வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் ஒரு கணக்கு உண்டு. அது 32-ஐத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு, 33-ஐத் தொட்டால் 15 நிமிடமாவது. நல்ல விதி, வரவேற்போம். நம் செங்கல் சூளைக்கும் சாலை வேலைக்கும் இதுபோல எழுதப்பட்ட அளவு வேண்டும் என்று போராடுவோம். ஆனால் செடிக்கு நாள் முழுக்க 23 டிகிரி என்பதையும் மனிதருக்கு மணிக்குப் பத்து நிமிடம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருணை எங்கே தாராளமாக இருக்கிறது, எங்கே கணக்குப் பார்க்கிறது என்று தெரியும். அங்கே கண்ணாடி மண்டபத்துக்குள்ளேயே பூமி 5 டிகிரி சூடானால் என்ன ஆகும் என்று படம் ஓட்டுகிறார்கள். அந்தப் படத்தைக் குளிரில் நின்று பார்ப்பவர் வேறு, அந்த டிகிரிகளை முதுகில் வாங்கப்போகிறவர் வேறு.

சுற்றுச்சூழல் பேசும் மாணவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. பசுமை, இயற்கை, காலநிலை என்று எங்கே பேச்சு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதைக் கட்டியது யார்? இப்போது இதைப் பராமரிப்பவர் எந்த வெப்பத்தில் நிற்கிறார்? அவர் குடும்பத்தோடு இதற்குள் வந்து பார்க்க முடியுமா?

கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் சேரியில், உங்கள் தெருவில் 2007-க்கும் 2012-க்கும் இடையில் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் இருப்பார்கள். ஒரு போனை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எந்த சைட்டில் வேலை, என்ன கூலி, ஏஜெண்டுக்கு எவ்வளவு, லாரியில் எத்தனை பேர், அறையில் எத்தனை பேர் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆலிவ் மரம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். அதைத் தாங்கும் தரையைப் போட்டவர் எந்த ஊரிலிருந்து போனார் என்பதை நாம் எழுதுவோம்.

ஜெய்பீம்.