ப்ளஸ் டூ கணக்கு இங்கே செல்லாது



நவம்பர் பிறந்துவிட்டால், சென்னையை ஒட்டிய நம் நசரத்பேட்டையில் ஜெராக்ஸ் கடைகளுக்குத்தான் தீபாவளி. காலேஜ் பஸ் இறக்கிவிட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போய் நிற்கிறார்கள். “அண்ணா, யூனிட் த்ரீ மட்டும் ரெண்டு செட், முன்னாடி பின்னாடி போட்டுடுங்க” என்று ஒரு குரல். சீனியர் அக்கா ஒருத்தியின் நோட்டு பத்துக் கை மாறி, ஓரத்தில் டீக்கறையோடு மெஷினுக்குள் கவிழ்ந்து கிடக்கிறது. ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை, ப்ராஜெக்டுக்கு பைண்டிங் என்று கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவுக்கு, எந்த நாளில் என்ன பரீட்சை என்பது அவருக்கு அத்துப்படி. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள்.

குறை சொல்லவில்லை. நம் வட்டாரத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிக்கிற பிள்ளை உள்ள வீடுகள் ஏராளம். அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்டு வேலை, இல்லாவிட்டால் அம்பத்தூர் எஸ்டேட். முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11-ல் வந்தது; அதற்கான சான்றிதழை அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தவர்கள்தான் இவர்கள். சேர்க்கும் வரை கூடவே ஓடிய குடும்பம், சேர்த்த பிறகு என்ன நடக்கிறது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளையும் சொல்வதில்லை. “சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா.”

புரியாத விஷயம் ஒன்றுமில்லை. நமக்குத் தெரிந்த பரீட்சை ப்ளஸ் டூ. வருஷத்துக்கு ஒரு பொதுத்தேர்வு, 600-க்கு ஒரு மார்க், டி.வி.யில் அறிவிக்கிற ஒரே நாள், ஒரே மார்க் ஷீட். அந்தக் கண்ணாடியைக் கழற்றாமலே செமஸ்டரையும் பார்க்கிறோம். அதனால் பதற வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிட்டு, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் வீட்டை இரண்டாக்குகிறோம்.

பதற வேண்டிய இடம் எது என்றால், வருகைப் பதிவு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம், விளையாட்டு போன்றவற்றுக்கு 65 வரை இறங்கி வருவார்கள். அதற்கும் கீழே போனால் ஹால் டிக்கெட் இல்லை. அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். ஒரு பாடத்தில் தோற்பதை விட இது பெரிய இழப்பு. செப்டம்பரில் டெங்கு வந்து பத்து நாள் படுத்த பிள்ளைக்கு நவம்பரில் மருத்துவச் சான்று தேடி அலையும் அப்பாக்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. காய்ச்சல் விட்டு வகுப்புக்குத் திரும்பும் அன்றே அந்தக் காகிதத்தை டிபார்ட்மெண்டில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். இந்த செமஸ்டருக்கு நான் சொல்வது தாமதம் என்றால், அடுத்ததற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க். இதைத்தான் வீடுகள் கண்டுகொள்வதே இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் படிக்கிறவர்களுக்கு எழுத்துப் பாடம் ஒன்றுக்கு இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. பரீட்சையை 100-க்கு எழுதுவார்கள், அதை 60-க்குச் சுருக்குவார்கள். தேர்ச்சி பெற மொத்தத்தில் 50 வேண்டும். அதோடு பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பையன் இன்டர்னலில் 25 வாங்கியிருக்கிறான். அவன் தேர்வில் 100-க்கு 45 எடுத்தால் தாண்டிவிடுவான். பக்கத்து பெஞ்சுக்காரன் அசைன்மென்ட் கொடுக்கவில்லை, உள்தேர்வுகளுக்குச் சரியாக வரவில்லை, இன்டர்னல் 15. அவனுக்கு 45 போதாது, 59 எடுத்தாக வேண்டும். ஒரே கேள்வித்தாள், ஒரே மூன்று மணி நேரம். ஒருவனுக்கு 45, இன்னொருவனுக்கு 59. தேர்வு நடப்பது நவம்பர், டிசம்பரில்தான். அதன் பாதி முடிவு ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே நவம்பரில் டி.வி. கனெக்‌ஷனைப் பிடுங்கிப் பயனில்லை. ஆகஸ்டில் ஒரு வார்த்தை, “இன்டர்னல் எவ்வளவு போட்டிருக்காங்க கண்ணு?” என்று கேட்டாலே போதும்.

சேர்ந்த ஆண்டைப் பொறுத்து விதிமுறை மாறும், கல்லூரியைப் பொறுத்தும் மாறும். நசரத்பேட்டையிலேயே இருக்கும் பனிமலர் பொறியியல் கல்லூரி 2000-ல் தொடங்கியது. இப்போது அது தன்னாட்சிக் கல்லூரி. தண்டலம் ராஜலட்சுமி பொறியியல் கல்லூரியும் அப்படித்தான். தன்னாட்சி என்றால் கேள்வித்தாள், திருத்தம், ரிசல்ட் எல்லாம் கல்லூரியிலேயே. பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது. ரிசல்ட்டும் சீக்கிரம் வந்துவிடும். அதே தண்டலத்தில் சவீதா நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அது தனி ராஜ்யம், தனிச் சட்டம். பட்டாபிராம் இந்துக் கல்லூரியோ சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஒரே தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகள் நாலு கணக்கில் படிக்கிறார்கள். “எதிர் வீட்டுப் பொண்ணுக்கு ரிசல்ட் வந்துடுச்சாமே, உனக்கு ஏன் வரல, மறைக்கிறியா?” என்று கேட்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். படிக்கும் மகளின் ரிசல்ட்டில் இரண்டு பாடத்துக்கு ‘டி’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏ, பி, சி, டி என்று விரல் விட்டு எண்ணி, மகள் கடைசி வரிசைக்குப் போய்விட்டதாக முடிவு கட்டி இரண்டு நாள் பேசாமல் இருந்த ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். அங்கே ‘டி’ என்றால் 75-லிருந்து 79 வரை. ‘டி ப்ளஸ்’ என்றால் 80-க்கு மேல். ‘ஏ’ என்பது அதற்கும் கீழே, 60-களில்! அந்தப் பெண் தூக்கிவைத்துக் கொண்டாடப்பட வேண்டியவள். அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்த ‘டி’யே கிடையாது. ‘ஓ’தான் உச்சம், 91-க்கு மேல், பிறகு ஏ ப்ளஸ், ஏ, பி ப்ளஸ், பி, கடைசியில் 50 முதல் 55 வரைக்கும் ‘சி’. ‘சி’யும் பாஸ்தான். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக நாம் அஞ்ச வேண்டிய எழுத்து ஒன்றே ஒன்று, ‘யூ’. மறுபடி எழுத வேண்டும் என்று பொருள்.

அதாவது அரியர். இந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. ப்ளஸ் டூவில் ஃபெயில் என்றால் ஊரெல்லாம் தெரியும். அந்தப் பயம்தான் இது. கல்லூரியில் ஒரு பேப்பர் போனால் மற்றப் பாடங்கள் அப்படியே நிற்கும், பிள்ளை அடுத்த செமஸ்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும், அடுத்த தேர்வுப் பருவத்தில் அந்த ஒரு பேப்பரைச் சேர்த்து எழுதும். நான்காண்டுப் படிப்பை முடிக்க ஏழாண்டு வரை இடம் உண்டு. அதற்காக அரியரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம் என்று அர்த்தமில்லை. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் பல ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது’ என்று வாசலிலேயே சொல்லிவிடும். சில கம்பெனிகள் எப்போதோ வைத்துத் தேர்ச்சி பெற்ற அரியரையும் கேட்கும். அண்ணா பல்கலைக்கழகத்தில் டிஸ்டிங்ஷன் வேண்டுமானால் 8.5 சி.ஜி.பி.ஏ. மட்டும் போதாது, எல்லாப் பாடமும் முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும். பயப்படும் அளவுக்கு இல்லை, அலட்சியம் செய்யும் அளவுக்கும் இல்லை.

கொரோனா காலத்தில், ஆகஸ்ட் 2020-ல், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் எல்லாம் பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கும். மாணவர்கள் முதல்வருக்குப் பேனரே வைத்தார்கள். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, கடைசியில் தேர்வு நடத்தத்தான் வேண்டும் என்று முடிந்தது. “மறுபடி அந்த மாதிரி ஏதாவது வரும்ல சார்?” என்று இன்னமும் ஒரு தம்பி என்னிடம் கேட்கிறான். வராது தம்பி.

மார்க்கில் சந்தேகம் இருந்தால் வழி இருக்கிறது. முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம், அதைப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் காட்டிக் கருத்து, பிறகு மறுமதிப்பீடு. ஒவ்வொன்றுக்கும் சில நாள்தான் அவகாசம், தேதி போனால் போனதுதான். “நானே பார்த்து முடிச்சுத் தரேன், இவ்வளவு ஆகும்” என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். 2018-ல் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் வாங்கி மார்க் போட்டார்கள் என்று லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கே பதிந்தது. மாணவர்களின் பெயரும் விசாரணையில் அடிபட்டது. படித்து வாங்காத மார்க் வீட்டுக்குப் போலீஸைக் கூட்டிக்கொண்டு வரும்.

இனி மழை. நம் ஊரின் தனிப் பிரச்சினை இது. வடகிழக்குப் பருவமழையும் செமஸ்டரும் ஒரே மாதத்தில் வருகின்றன. 2015-ல் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அந்த வாரத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் யாரும் மறந்திருக்க முடியாது. இரண்டு முறையும் தேர்வுகள் தள்ளிப்போயின. திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ இருந்து விடுதியில் பிள்ளையை விட்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு விஷயம். டி.வி.யில் “சென்னையில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை” என்று ஓடும். முகவரியில் சென்னை என்று இருந்தாலும் நசரத்பேட்டை இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். நாலு ஸ்டாப் தள்ளித் தண்டலம் போனால் அது காஞ்சிபுரம் மாவட்டம். மூன்று கலெக்டர், மூன்று அறிவிப்பு. அதுவும் கலெக்டர் விடுமுறை விட்டாலும் பல்கலைக்கழகத் தேர்வு உண்டா இல்லையா என்பதைப் பல்கலைக்கழகமே தனியாகச் சொல்ல வேண்டும்; தன்னாட்சி என்றால் கல்லூரி சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் சர்க்குலரில் போன வருஷத் தேதியும் இருக்கும், யாரோ ஒரு குறும்பன் ஒட்டுப்போட்டதும் இருக்கும். “லீவாம், படுத்துக்கோ” என்று நீங்கள் ஊரிலிருந்து போன் செய்யாதீர்கள். கல்லூரித் தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது வகுப்பு ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள்.

போன் என்றதும் இன்னொன்று. பரீட்சை முடிந்து வெளியே வந்த அடுத்த நிமிஷம் “எப்படி எழுதின? எவ்வளவு வரும்?” என்று கேட்பது நம் வழக்கம். நானும் என் வீட்டில் அதைக் கேட்கிறவன்தான். அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாளில் அடுத்த பேப்பர். “சாப்பிட்டியா?” என்பதோடு நிறுத்தினால் நாட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ரிசல்ட் அன்று மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். சாப்பிடாமல், பேசாமல், போனை அணைத்துவிட்டு அறைக்குள்ளேயே இருக்கும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். விடுதி என்றால் வார்டனையோ ரூம்மேட்டையோ கூப்பிட்டு ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்பதில்லை, என்ன செய்வதென்று தெரியாத அப்பா அம்மாவும் பேசலாம்.

ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைக் கடைசிப் பரீட்சை நாள் ராத்திரிக்கே போட்டுவிடுகிறார்கள் பலர். தேர்வு தள்ளிப்போனால் டிக்கெட் பணம் போகும், அதைவிட மோசம், டிக்கெட்டுக்காகப் பரீட்சையைக் கைகழுவும் யோசனை பிள்ளைக்கு வரும். ஒன்றிரண்டு நாள் விட்டுப் போடுங்கள். விடுதியில் நோ ட்யூஸ் கையெழுத்து, அவுட்பாஸ் இரண்டுக்கும் எப்படியும் அரை நாள் ஓடிவிடும். அவுட்பாஸுக்கு உங்களைக் கூப்பிட்டுக் கேட்கும் விடுதிகள் உண்டு, அந்த போனை எடுத்துவிடுங்கள். தெற்கே போகும் அரசு பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மாறி நாளாகிறது, ஆனால் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி இன்னமும் “கோயம்பேட்டுல ஏறிட்டியா?” என்றுதான் கேட்கிறார்கள். நசரத்பேட்டைப் பிள்ளைகளுக்குக் கோயம்பேடு போகும் வேலையே இல்லை. வெளிவட்டச் சாலை நம் ஊரைத் தொட்டுக்கொண்டு நேரே வண்டலூர் போகிறது, அங்கிருந்து கிளாம்பாக்கம் பக்கம். பெட்டி படுக்கையோடு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் செலவும் பங்காகிவிடும். வண்டிக்கான பட்டியலில் பேர் போட்டுக்கொள்ளாமல் கடைசி நிமிஷத்தில் “அக்கா, நானும் வரேன்” என்று ஒட்டிக்கொள்ளும் ஜூனியர் ஒருத்தி எப்போதும் இருப்பாள். அவளுக்கும் சேர்த்தே வண்டி சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்