காமன் பொட்டலில் ஓர் இரவு

சென்ற மாசிப் பௌர்ணமி இரவில் நாம் செய்த காரியத்தை நமது மாணவர்கள் அறிந்திருப்பாராயின், மறுநாள் வகுப்பில் நகைப்பொலி அடங்கவே பாதி நேரம் கழிந்திருக்கும். நாம் ஆடினோம்! நாற்பத்தாறு பிராயமும் மூக்குக் கண்ணாடியும் முழங்கால் வலியும் உடைய நாம், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் காமன் பொட்டலில், தப்பொலிக்கு இசையக் கால் மாற்றி ஆடினோம்.

காமன் கூத்தை மலையகத்தாருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பிற பகுதி அன்பர்களுக்காகச் சிறிது சொல்லுவோம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையளவில் காமன் கம்பம் நடப்படும். வேடந்தாங்குவோர் காப்புக் கட்டி விரதங் காப்பர். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நிகழும், சிவனாரின் தவத்தைக் குலைக்கப் புறப்படும் கணவனை ரதி தடுப்பாள், அவன் கேளான். பின்னர் நிகழ்வது தகனம். தமிழகத்திலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பித் தோட்டத்து முன்னோர் மூட்டை முடிச்சுகளுடன் கொணர்ந்த கூத்து இது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னர் கோப்பி மெல்ல மெல்ல மறைந்தது; காமன் மறையவில்லை. ஆண்டுதோறும் எரிந்து, ஆண்டுதோறும் எழுகின்றான்.

நாமோ முப்பது ஆண்டுகளாக அப்பக்கம் தலைகாட்டவில்லை. காரணத்தை மறைப்பானேன்? நமது குடும்பம் தப்படிக்கும் குடும்பம். எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் நமது பாட்டனாரை அழைப்பார்கள். கூலியைக் கையில் கொடாமல் தரையில் வைப்பார்கள். பட்டணத்துப் பள்ளியில் ஆசிரியரொருவர் நம்மைத் ‘தப்படிக்கிற பயல்’ என்றழைத்த நாளில், அக்கருவியைக் கனவிலும் தொடுவதில்லை என்று சங்கற்பஞ் செய்துகொண்டோம். பின்னர்ப் பட்டம் பெற்றோம். நாட்டார் கலைகளைப் பற்றிக் கட்டுரையும் எழுதினோம். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்களைப் புகழ்ந்தோம். எழுதிய கை யாருடைய கை என்பதை மட்டும் எழுதவில்லை.

இம்முறை பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். “ரதி கட்டுறவன் கொழும்புக் கடையில நிக்கிறான், சம்பளம் போனாலும் வாரேன்னு சொல்லிட்டான். நீ வர மாட்டியா தம்பி?” இதற்கு மறுமொழி நமது பட்டப்படிப்பில் கற்பிக்கப்படவில்லை.

நாமும் நமது இல்லத்தரசியும் பதினான்கு வயது மகளும் போய்ச் சேர்ந்தபோது, லயத்து வாசலில் தப்புகளைத் தீயில் காய்ச்சிக் கொண்டிருந்தனர். தோல் சூடேற நாதம் உயரும். அந்த வாசனை வந்ததும் நமது வயது சற்றே குறைந்தது. நள்ளிரவில் குளிர் எலும்பைத் துளைத்தது; கம்பளி போர்த்திய கிழவிகளும் மடியில் உறங்கும் குழந்தைகளுமாகப் பொட்டல் நிறைந்திருந்தது. ரதி வேடமிட்ட அவ்விளைஞன் சலங்கை குலுங்கச் சுற்றி வந்தான். பகலில் புடைவை மடிப்பவன் என்று யார் சொல்லுவர்? பெரியப்பா நம்மைப் பார்த்து, “என்னாப்பா, காலு மறந்து போச்சா?” என்றார்.

கால் மறக்கவில்லை, அன்பர்களே! முதற் சுற்றில் தடுமாறினோம். இரண்டாவதில் மூக்குக் கண்ணாடியை மகளிடம் கொடுத்தோம். மூன்றாவதில் பேராசிரியர், பரீட்சைத் தாள், மாதாந்தக் கடன் யாவும் எங்கோ போயின. பக்கத்தில் ஆடியவர் யார், எந்தக் குடும்பத்தார் என்று எவரும் கேட்கவில்லை. அவர்களுள் நமது பாட்டனாருக்குத் தரையில் கூலி வைத்த வீட்டுப் பேரனும் இருந்தான். அவன் நமது தோளைப் பிடித்துக்கொண்டு ஆடினான். அது எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதாக நாம் சொல்லவில்லை. விடிந்ததும் தேநீர் கொடுக்கையில் அவ்வீட்டார் நமக்கு எந்தக் கோப்பையை எடுப்பர் என்பதை நாம் அறியோம். ஆடுகையில் அந்த நினைவும் வரவில்லை.

காமன் எரிந்தான். ரதியின் ஒப்பாரி கேட்டுக் கிழவிகள் மெய்யாகவே அழுதனர். கிழக்கு வெளுக்கையில் மகள், “அப்பா, இவ்வளவு நாளா ஏன் சொல்லேல்ல?” என்றாள். நாம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தோம். பெரியப்பா தப்பைத் துணியில் சுற்றியபடி, “அடுத்த மாசிக்கும் ஆளு வேணும்” என்றார். பௌர்ணமி இந்நாட்டில் விடுமுறை நாள். லீவு இல்லை என்று தப்பவும் வழியில்லை. மகள் அந்தத் துணியை அவிழ்த்து, ஒரு விரலால் தோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.