பாஞ்சோவைக் கழற்றிய பின் எஞ்சியது என்ன?

லண்டனைச் சேர்ந்த மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸ் குழுவின் மூன்றாவது ஆல்பமான ‘வைல்டர் மைண்ட்’ 2015இல் வெளிவந்தபோது ஏமாந்தவர்களில் நாமும் அடக்கம். பாஞ்சோவை ஓரங்கட்டிவிட்டார்களே என்று புலம்பியவர்களைப் பழமைவாதிகள் என எள்ளியவர்கள் உண்டு. கலைஞன் வளரக் கூடாதா என்பது அவர்கள் கேள்வி. இத்தனை ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டபோதும் நம் ஏமாற்றம் தணியவில்லை. ஆனால் நம் குற்றச்சாட்டு மின்சாரத்தின் மீதன்று.

மின்கருவி நாட்டார் இசையைக் கெடுத்துவிடும் என்ற கூக்குரல் 1965இல், நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் மின்கிதாருடன் மேடையேறியபோதே எழுந்தது. அதற்குத் தக்க விடை 1969இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. அவ்வாண்டு மே மாத வேன் விபத்தில் டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிளைப் பறிகொடுத்த ஃபேர்போர்ட் கன்வென்ஷன், ஆண்டு முடிவதற்குள் ‘லீஜ் அண்ட் லீஃப்’ ஆல்பத்தைத் தந்தது. ‘டாம் லின்’, ‘மேட்டி குரோவ்ஸ்’ முதலிய பழங்கதைப் பாடல்களை மின்கிதாரின் நடுவே நின்று சாண்டி டென்னி பாடினார். அங்கே மின்சாரம் கதையை விழுங்கவில்லை. கதைக்குள் உறைந்திருந்த அச்சத்தைக் கிளறிவிட்டது. அக்குழுவின் ஆஷ்லி ஹட்சிங்ஸ், செசில் ஷார்ப் இல்லத்தின் சேகரிப்பில் பழம்பாடல்களைத் தேடிப் படித்தவர். கருவி புதிதாயிற்று, வேரோ இன்னும் ஆழச் சென்றது.

‘வைல்டர் மைண்ட்’டில் அந்தத் தேடலின் சுவடே இல்லை. 2009இல் வந்த ‘சை நோ மோர்’ நாள்களில் மார்கஸ் மம்ஃபோர்ட் கிதாரை மீட்டியபடியே காலால் பெருமுரசை அடித்துப் பாடுவார். நால்வரும் நம் எதிரே நின்று மூச்சிரைக்கப் பாடுவது போன்ற அண்மை அந்தப் பாடல்களில் இருந்தது. தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டுடன் செய்த மூன்றாவது ஆல்பத்திலோ முழு டிரம்ஸும் மின்கிதார்களும் சேர்ந்து எழுப்பும் வழவழப்பான பேரொலிதான் மிஞ்சுகிறது. அரங்குகளை நிரப்பும் எத்தனையோ ராக் குழுக்கள் இதைச் செய்துகொண்டிருந்தன. குரலை நீக்கிவிட்டால் இது யாருடைய இசை என்று அடையாளம் சொல்வது கடினம்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றதே என்பார்கள். விற்பனை என்றைக்கு விமர்சனமாயிற்று?

இனி, நமக்கே கசக்கும் ஒரு கேள்வி. ஒரு கருவியைக் கழற்றியதும் முகமே காணாமற்போகிறது என்றால், முன்பு நாம் கண்டது முகம்தானா? முதலிரு ஆல்பங்களின் பாடல்களும் பெரும்பாலும் அவர்களே இயற்றியவை. நாட்டார் மரபு அங்கே பாஞ்சோவின் துடிப்பாகவும் மேடை உடுப்பாகவும்தான் இருந்ததோ? 2012இன் ‘பேபல்’ மறு ஆண்டு கிராமி விருதில் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானபோது மகிழ்ந்த நாம், அதை அன்று கேட்டிருக்க வேண்டும்; கேட்கவில்லை.

ஆகவே, வளர்ச்சி என்று வாதிடும் நண்பர்களுக்கும், பாஞ்சோவைத் திருப்பித் தா என்று கேட்கும் நண்பர்களுக்கும் நம் விடை ஒன்றே. பாஞ்சோ திரும்பினால் மட்டும் மரபு திரும்பிவிடாது. பாடலுக்குள் மரபு இருந்தால் எந்தக் கருவியும் அதைத் தாங்கும். இல்லையென்றால், கழற்றப்பட்டது ஒரு சட்டை மட்டுமே. அதை மேனியென்று நம்பிய பிழையில் நமக்கும் பங்குண்டு.