கடல் என்ன செய்யும், பாவம்!

"டாக்டர், கப்பல்ல ஏறின அன்னிக்கு ராத்திரியே வாந்தி. அப்புறம் ரூமை விட்டு வெளியே வரவே இல்ல. நமக்கெல்லாம் கடல் ஒத்துக்காது போலிருக்கு!"

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் அங்கிருந்து இலங்கைக்கும் கப்பல் போனது. அதற்குப் பிறகு, மதுரையில் இருக்கிற என் வைத்தியசாலைக்கே இப்படிப் புலம்பிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கப்பலில் போய் வந்தவர்களிடம் நான் கப்பலைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "ஏறுறதுக்கு முந்தின ரெண்டு நாள் எங்கே இருந்தீங்க?" என்றுதான் கேட்பேன்.

பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ். விடியற்காலையில் எழும்பூர். லாட்ஜில் குளித்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் வேன். மகாபலிபுரம், முதலைப் பண்ணை, திரும்பி வந்து தி.நகரில் துணிக்கடை. படுக்கப் போகும்போது மணி பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் மிருகக்காட்சி சாலை. அது 600 ஹெக்டேருக்கு மேல் பரந்த இடம். வெயிலில் நடந்து முடிப்பதற்குள் கால் கழன்றுவிடும். சாயந்திரம் மெரினா, மிளகாய் பஜ்ஜி, சுண்டல், ஐஸ்கிரீம். ராத்திரி பிரியாணி. திங்கட்கிழமை பெட்டி படுக்கையோடு துறைமுகம்!

இதற்குப் பெயர் சுற்றுலாவா? நான் இதை உடம்புக்குக் கொடுக்கிற தண்டனை என்பேன். தண்டனை முடிந்த கையோடு அந்த உடம்பை ஆடுகிற கப்பலில் ஏற்றிவிட்டுக் கடலைக் குறை சொன்னால், கடல் என்ன செய்யும், பாவம்!

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், தும்மல், இருமல், வாந்தி, கண்ணீர் என்று உடம்பு தானாக எழுப்புகிற பதினான்கு உந்துதல்கள். இவற்றை அடக்கக்கூடாது, அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்று நூல்கள் பிரித்துப் பிரித்துச் சொல்கின்றன. பாளையங்கோட்டையில் மாணவனாக இருந்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பாடம் அது. இந்த ரெண்டு நாள் ஊர் சுற்றலில் நம் குடும்பங்கள் அதில் நாலைந்தையாவது அடக்கிவிடுகின்றன என்பது தொழிலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

அடக்குவது யார் தெரியுமா? வீட்டு அம்மாதான். வேன் கிளம்பும்போதே அவர் தண்ணீரைக் குறைத்துவிடுவார். "வழியில எங்க போறது?" என்பது அவர் கவலை. அது நியாயமான கவலையும்கூட. ஒதுங்க இடம் இருந்தால் சுத்தமில்லை, சுத்தமாக இருந்தால் வரிசை நிற்கிறது. மாமனார் மாமியாரோடு, ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும்போது, வண்டியை நிறுத்தச் சொல்லவும் கூச்சம். ஆகவே காலையில் ஒரு காபி, மத்தியானம் அரை டம்ளர் தண்ணீர் என்று நாளை ஓட்டிவிடுகிறார். சென்னையின் ஜூன் மாத வெயில் எப்படிப்பட்டது? அக்கினி நட்சத்திரம் முடிந்த பிறகும் நாற்பது டிகிரியைத் தொடுகிற நாட்கள் உண்டு. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை ஊற்றுகிறது. உள்ளே தண்ணீர் போகவில்லை, இருக்கிற கொஞ்சம் நீரையும் அடக்குகிறார்.

சிறுநீரை அடக்கினால் நீரடைப்பும், நீர்த்தாரையில் புண்ணும், மூட்டு வலியும் வரும் என்கிறது நம் வைத்தியம். நீர்த்தாரையில் கிருமி தொற்றும் என்கிறது நவீன மருத்துவம். எந்த மொழியில் சொன்னாலும் அனுபவிப்பது அந்த அம்மாதான். கப்பலில் மற்றவர்கள் மேல்தளத்தில் நீச்சல் குளம் பார்க்க, இவர் குளிர் ஜுரத்தோடு போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். "அவளுக்கு எப்பவும் இப்படித்தான், வெளியூர்னாலே படுத்துக்குவா" என்று வீட்டுக்காரர் என்னிடமே சொல்கிறார். கோபம்தான் வருகிறது எனக்கு.

பயணத் திட்டம் போடுகிற ஆண்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எந்தெந்த இடம் பார்க்கப் போகிறோம் என்று எழுதும் அதே தாளில், எங்கெங்கே நல்ல கழிப்பறை இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி தானாக நிற்கட்டும். யாரும் கேட்க வேண்டியதில்லை. அப்புறம் பாருங்கள், வீட்டில் எல்லோரும் தண்ணீர் குடிப்பார்கள்.

"மறுபடி எப்ப டாக்டர் வரப்போறோம்? காசு குடுத்து வந்தாச்சு, பார்த்துட்டே போயிரலாமே!" என்கிறீர்களா? புரிகிறது. வருஷக் கணக்கில் சேர்த்த பணம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை நாலு நாள்தான். சுற்றிப் பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பட்டியலைப் பாதியாக்குங்கள் என்கிறேன். மகாபலிபுரமும் வண்டலூரும் இன்னொரு விடுமுறைக்கு அங்கேயேதான் இருக்கும்.

துறைமுகத்தைச் சுற்றியே எவ்வளவு இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பாரிமுனைப் பக்கம் போய்ப் பாருங்கள். மற்ற நாளில் கால் வைக்க இடமில்லாத தெருக்கள் அன்றைக்கு ஓய்ந்து கிடக்கும். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கியதாகச் சொல்லப்படுகிற கோயில். பக்கத்திலேயே 1772-இல் கட்டிய ஆர்மேனியர் தேவாலயம் உள்ள தெரு. ஆர்மேனியன் தெரு என்பது நம் ஜனங்கள் வாயில் விழுந்து அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது. அங்கே அரண்மனையும் கிடையாது, அரண்மனைக்காரனும் கிடையாது! உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தாலே பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு வீசியதற்கு அந்த மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மறுநாள் கப்பலேறப் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல கதை எது? ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் இட்லி, அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம். மூணரை மணிக்கு மேல் எழும்பூர் அருங்காட்சியகம். வெயிலும் இல்லை, ஓட்டமும் இல்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். கப்பலேறுவதற்கு முந்தின நாள் ராத்திரி பிரியாணி வேண்டாம், கடற்கரை பஜ்ஜியும் வேண்டாம். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் போதும். எண்ணெயும் காரமும் தூக்கமின்மையும் சேர்ந்தால் பித்தம் மிகும். பித்தம் மிகுந்த வயிறு சும்மா இருக்கும்போதே குமட்டும், கப்பல் அசைந்தால் கேட்க வேண்டுமா? திறந்தவெளித் தண்ணீரில் செய்த பானங்களை அந்த ரெண்டு நாள் தொடவே கூடாது. கப்பலேறும்போது வாந்தி, பேதி இருக்கிறதா என்று விசாரிப்பது வழக்கம். ஒருவருக்கு வந்தால் மூடிய இடத்தில் நூறு பேருக்குப் பரவும் என்பதால்தான் அந்தக் கேள்வி. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டிலில் வருகிற சானிடைசர், கப்பல்களில் பேதியைப் பரப்புகிற நோரோ வைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது.

கடல் மயக்கம் முழுக்க நிலத்தில் செய்த தப்பால் வருவது என்று நான் சொல்லவில்லை. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கிற கண் "ஆடவில்லை" என்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்பிப் போகிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கும் வரலாம். ஆனால் களைத்துப் போய் வருகிறவரை அது சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். வந்தால் மேல்தளத்தில் காற்றாட நின்று தொடுவானத்தைப் பாருங்கள். அறை எடுக்கும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் குறைவு.

கை வைத்தியத்தில் இஞ்சிக்கு நிகர் இல்லை. தோல் சீவி, சிறு துண்டு நறுக்கி, துளி தேனோடு மென்று விழுங்கலாம். இஞ்சி கிடைக்காவிட்டால் மேல்தோல் நீக்கிய சுக்குப் பொடி ஒரு கிராம். இது பாட்டி சொன்னது மட்டுமல்ல. 1988-இல் டென்மார்க்கில் 80 கடற்படை மாணவர்களை வைத்து நடுக்கடலில் சோதித்தார்கள். சுக்குப் பொடி ஒரு கிராம் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் குறைந்தன. குமட்டல் அத்தனை திட்டவட்டமாகக் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு மாதுளை மணப்பாகு கொடுக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இஞ்சி, சுக்கை மருந்தளவில் எடுக்குமுன் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆங்கில மருந்தில் வாந்தித் தடுப்பு மாத்திரை உண்டு. கப்பல் கிளம்புமுன் போட்டால்தான் பலன், தூக்கம் வரும். சின்னக் குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

வாந்தி நிற்காவிட்டால் உப்பு சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாய் வாயாக, நிதானமாகக் கொடுக்க வேண்டும்.

பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும். மத்தியான மாத்திரை, இஞ்சித் துண்டு, தண்ணீர் பாட்டில் மூன்றும் பாட்டியின் கைப்பையிலேயே இருக்கட்டும்.