உடம்போடு பிறக்காத கவசம்

கவசம் என்றதும் நமக்குக் கர்ணன்தான் நினைவுக்கு வருவான். அவனுக்கு அது உடம்போடு பிறந்தது. மற்ற வீரர்களுக்கு யாராவது உட்கார்ந்து செய்து கொடுத்தாக வேண்டும். இன்று அப்படிச் செய்து கொடுக்கும் ஊர்களில் ஒன்று, நம்ம ஆவடி!

ஆவடி என்றால் டாங்கி தொழிற்சாலை என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில் 'ஓ.சி.எஃப்.' எனப்படும் ராணுவ உடைத் தொழிற்சாலையும் இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் இது 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. சீருடைகளோடு, குண்டு துளைக்காத ஜாக்கெட்டுகளும் இங்கே தயாராகின்றன.

துணி எப்படிக் குண்டைத் தடுக்கும்? ஜாக்கெட்டின் உள்ளே இருப்பது சாதாரணத் துணியல்ல. மிக உறுதியான செயற்கை இழைகளைப் பல அடுக்குகளாக வைத்திருப்பார்கள். பாய்ந்து வரும் குண்டை வலையில் விழுந்த பந்துபோல இழைகள் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி ரவை இன்னும் வேகமானது என்றால், முன்னால் செராமிக் தகடு வேண்டும். அது குண்டின் கூர்முனையை நொறுக்கும். மிச்ச வேகத்தைப் பின்னாலுள்ள அடுக்குகள் தாங்கும்.

ஜப்பானின் சாமுராய் வீரர்களுக்கும் இதே கவலைதான். சின்னச் சின்ன இரும்பு, தோல் தகடுகளுக்கு அரக்குப் பூசி, பட்டுக் கயிற்றால் கோத்து அவர்களுக்குக் கவசம் செய்தார்கள். 1543-ல் போர்ச்சுகீசியர் மூலம் துப்பாக்கி வந்ததும், சிறு தகடுகளுக்குப் பதில் பெரிய இரும்புத் தகடுகள் வந்தன. சில கவசங்களைச் சுட்டுப் பார்த்து, குண்டு பட்ட பள்ளத்தை அப்படியே விட்டு வைப்பார்கள். அதுதான் தர முத்திரை!

இன்றும் மாதிரிகளைச் சுட்டுத்தான் பார்க்கிறார்கள். ஜாக்கெட்டுக்குப் பின்னால் களிமண் வைத்து, எவ்வளவு குழி விழுகிறது என்று அளக்கிறார்கள். குண்டு துளைக்காவிட்டாலும், அந்த அடி நெஞ்சில் இறங்குமே! இதற்கான இந்தியத் தர விதி 2018-ல் வந்தது.

இன்னொரு சவால், எடை. தகட்டைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும். ஆனால் அதைச் சுமந்துகொண்டு மலை ஏற வேண்டுமே? 2024-ல் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் அறிமுகப்படுத்திய 'அபேத்' ஜாக்கெட்டின் குறைந்தபட்ச எடையே 8.2 கிலோ. பெரிய அரிசிப் பை ஒன்றை நாள் முழுக்க மார்பில் கட்டிக்கொண்டு ஓடுவதுபோல!

தகடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதைத் தாங்கும் பை கிழிந்தால் தகடு இடம் மாறிவிடும். நெஞ்சு திறந்துவிடும். அதனால் அந்தத் தையலும் கவசம்தான். தைத்தவருக்கு அதை அணியப்போகிறவர் யாரென்று தெரியாது. அணிகிறவருக்கும் தைத்தவர் முகம் தெரியாது. நடுவில் இருப்பது ஒரு நூல், ஒரு நம்பிக்கை.