மூடியைத் திறந்தால் ஓடும் கம்ப்யூட்டர்களை முடக்கி வைக்கலாமா?

பிளஸ் டூ மாணவி பைத்தான் புரோகிராமைப் பாதி டைப் செய்திருப்பார். திடீரென்று திரை நீலமாகும். இல்லையென்றால் சிஸ்டம் தானாக ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகும். சேவ் செய்யாத வரிகள் அத்தனையும் போச்சு. பழைய கம்ப்யூட்டர்களை வைத்து ஓட்டும் அரசுப் பள்ளி ஆய்வகங்களில் இது தீராத தலைவலி. "சிஸ்டம் பழசு, புதுசு வந்தால்தான் சரியாகும்" என்பதுதான் கிடைக்கும் பதில். புதுசு வரும்வரை பிளஸ் டூ பொதுத்தேர்வு காத்திருக்குமா?

வயதானதால் மட்டுமே எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடுவதில்லை. சிபியுவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும். பிராசசர் விசிறிக்குக் கீழே, அலுமினியத் தகடுகளின் இடுக்கில் தூசு கம்பளிபோல அப்பியிருக்கும். சூடு வெளியேற வழியில்லாததால், கருகிவிடாமல் தப்பிக்க பிராசசரே சிஸ்டத்தை நிறுத்திவிடுகிறது. புளோயரால் ஊதி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தீரும். ரேமின் பொன்னிற முனைகளில் அழுக்குப் படிந்தாலும் நீலத்திரை வரும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துச் செருகினால் பல நேரம் சரியாகிவிடும். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போகிறதா? மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றும்வரை பாதுகாப்பான இணையதளங்கள்கூடத் திறக்க மறுக்கும். யுபிஎஸ் பேட்டரி செத்து, எர்த்திங்கும் சரியில்லை என்றால் வோல்டேஜ் ஆடும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க் அடி வாங்கும்.

சாப்ட்வேரும் ஒரு காரணம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. பழைய சிஸ்டங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆனால் எடை குறைந்த லினக்ஸ் இவற்றில் நன்றாகவே ஓடும். பாடத்திட்டத்திலுள்ள சி பிளஸ் பிளஸ், பைத்தான் இரண்டுக்கும் அது போதும். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன.

பிறகு ஏன் யாரும் கை வைப்பதில்லை? ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள் அது. திறந்து ஏதாவது ஆகிவிட்டால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதைப் போக்க வேண்டியது பள்ளிக் கல்வித்துறை.

பராமரிப்புக்கென்று சிறு தொகையைத் தலைமையாசிரியரே உள்ளூரில் செலவிட எழுத்துபூர்வ அனுமதி தர வேண்டும். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் எல்லா சிஸ்டத்தையும் திறந்து சுத்தம் செய்வது கட்டாயமாக வேண்டும். எந்த சிஸ்டம் எப்போது நின்றது, என்ன மாற்றினோம் என்று ஆய்வகத்தில் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். அருகிலுள்ள ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களை ஆசிரியர் மேற்பார்வையில் இதில் ஈடுபடுத்தலாம். உண்மையிலேயே செத்துப்போனவற்றில் நல்ல ரேமையும் டிஸ்கையும் எடுத்துக்கொண்டு, மீதியை மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "ஆய்வகத்தில் எத்தனை சிஸ்டம் ஓடுகிறது, எத்தனை ஓடவில்லை, ஏன்?" என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதி மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். செய்முறைத் தேர்வுக்கு முன்பே இது நடந்தாக வேண்டும்.